விசுவாசப் பிரமாணமும் சபை ஒற்றுமையும்: தென்னிந்திய திருச்சபை உருவான வரலாறு

1947-ம் ஆண்டு செப்டம்பர் 27. இந்தியா சுதந்திரம் அடைந்து ஆறு வாரங்கள் மட்டுமே ஆகியிருந்தன. அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரு ஆராதனை நடந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த மூன்று சபைகள் அந்த ஆராதனையில் ஒரே சபையாக அறிவிக்கப்பட்டன. திருவிதாங்கூர் - கொச்சி பேராயர் சி.கே. ஜேக்கப் அந்த அறிவிப்பைச் செய்தார். சுமார் 10 லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட அந்தப் புதிய சபைதான் தென்னிந்திய திருச்சபை. சுருக்கமாக சி.எஸ்.ஐ.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்று சொல்லும் ஆங்கிலிக்கன் சபையும், பேராயர் என்ற பதவியே வேண்டாம் என்று சொல்லும் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரும் ஒரே சபையாக இணைந்தது 16-ம் நூற்றாண்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு உலகில் அதுவே முதல் முறை. ஐரோப்பாவில் 400 ஆண்டுகளாக முடியாதது தென்னிந்தியாவில் முடிந்தது. இதற்கு அடித்தளமாக இருந்தவற்றில் ஒன்று, 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட விசுவாசப் பிரமாணம். அது எப்படி என்று பார்ப்போம்.

விசுவாசப் பிரமாணம் என்றால் என்ன?

ஒரு கிறிஸ்தவன் எதை நம்புகிறான் என்பதைச் சில வரிகளில் சொல்லும் அறிக்கையே விசுவாசப் பிரமாணம். இரண்டு பிரமாணங்கள் மிக முக்கியமானவை. ஒன்று அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். மற்றொன்று நிசேயா விசுவாசப் பிரமாணம்.

பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆளுக்கு ஒரு வரி சொல்லி முதல் பிரமாணத்தை உருவாக்கினார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. அது கதைதான். ஆதி காலத்தில் ரோமாபுரியில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் சொன்ன அறிக்கையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. இன்று சொல்லப்படும் வடிவம் 8-ம் நூற்றாண்டு வாக்கில் நிலைபெற்றது. மேற்கத்திய சபைகள் மட்டுமே இதை ஆராதனையில் பயன்படுத்துகின்றன. கிழக்கும் மேற்கும் பொதுவாக ஏற்றுக்கொண்டது நிசேயா பிரமாணம்தான்.

கி.பி. 325-ல் நடந்தது

4-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்ற குருவானவர் ஒரு கருத்தைப் பரப்பினார். கிறிஸ்து கடவுளால் படைக்கப்பட்டவர். அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது. எனவே அவர் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்பதே அந்தக் கருத்து. அலெக்சாந்திரியாவின் பேராயர் இதை எதிர்த்தார். சண்டை ஊர் ஊராகப் பரவியது.

அப்போதுதான் ரோமப் பேரரசு முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார் பேரரசர் கான்ஸ்டன்டைன். சபை பிளவுபட்டால் பேரரசும் ஆட்டம் காணும் என்று அவர் பயந்தார். கி.பி. 325-ல் நிசேயா நகரில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) பேராயர்களின் கூட்டத்தைக் கூட்டினார். 318 பேர் வந்ததாகப் பாரம்பரியம் சொல்கிறது. கிறிஸ்து பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று பொருள்படும் "ஹோமோஊசியோஸ்" என்ற கிரேக்கச் சொல்லை அந்தக் கூட்டம் தன் அறிக்கையில் சேர்த்தது. ஆரியஸும் கையெழுத்திட மறுத்த இரண்டு பேராயர்களும் நாடு கடத்தப்பட்டார்கள்.

பிரமாணம் எழுதியவுடன் ஒற்றுமை வந்துவிட்டதா என்றால் இல்லை. அடுத்து வந்த பேரரசர்களில் சிலர் ஆரியஸின் பக்கம் சாய்ந்தார்கள். நிசேயா அறிக்கைக்காகப் போராடிய அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். மொத்தம் 17 ஆண்டுகள் அவர் தன் ஊரை விட்டு வெளியே வாழ வேண்டியிருந்தது. 381-ல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய சங்கம் நிசேயா விசுவாசத்தை உறுதி செய்தது. பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதி விரிவாக்கப்பட்ட இன்றைய பிரமாணம் அந்தச் சங்கத்தோடுதான் இணைத்துச் சொல்லப்படுகிறது. அதாவது ஒரு அறிக்கை பொதுச் சொத்தாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஒரு சொல் பிரித்த கதை

பொதுச் சொத்தை ஒரு பங்காளி மட்டும் தனியாகத் திருத்தினால் என்ன ஆகும்? அதற்கும் இதே பிரமாணம்தான் உதாரணம்.

பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்பது பழைய வாசகம். மேற்கில், முக்கியமாக ஸ்பெயினில், "குமாரனிடமிருந்தும்" என்று பொருள்படும் "ஃபிலியோக்வே" என்ற லத்தீன் சொல் இதில் சேர்க்கப்பட்டது. அங்கே ஆரியஸின் கொள்கை இன்னும் பலமாக இருந்தது. குமாரனின் மேன்மையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதே அந்தச் சேர்க்கையின் நோக்கம். நோக்கத்தில் கெட்டது எதுவும் இல்லை.

ஆனால் கிழக்கத்திய சபைகளை யாரும் கேட்கவில்லை. 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் மூன்றாம் லியோவுக்கு இந்த ஆபத்து புரிந்திருந்தது. அவர் அந்தச் சொல் இல்லாத பழைய பிரமாணத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமாபுரியில் வைத்தார். சொல்லின் கருத்தை அவர் மறுக்கவில்லை. பிரமாணத்தின் வாசகத்தில் கை வைக்கக் கூடாது என்பதே அவர் நிலை. இருந்தும் 1014-ல் ரோமிலேயே அந்தச் சொல் ஆராதனையில் நுழைந்துவிட்டது. 1054-ல் ரோமின் தூதர்களும் கான்ஸ்டான்டிநோப்பிள் முதுபெரும் தலைவரும் ஒருவரை ஒருவர் சபைநீக்கம் செய்தபோது பட்டியலிடப்பட்ட குற்றச்சாட்டுகளில் இந்தச் சொல்லும் ஒன்று.

பிளவுக்கு அது மட்டும் காரணம் இல்லை. போப்பின் அதிகாரம், மொழி வேறுபாடு, அரசியல் எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒரு பாடம் மிச்சம். பிரமாணத்தின் பலம் அதன் வாசகத்தில் மட்டும் இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டார்கள் என்பதிலும் இருக்கிறது.

தமிழ் மண்ணுக்கு வந்த பிரமாணம்

16-ம் நூற்றாண்டில் மேற்கத்திய சபையும் உடைந்தது. ஆனால் சீர்திருத்தவாதிகள் பழைய பிரமாணங்களைத் தூக்கி எறியவில்லை. 1529-ல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அப்போஸ்தலர் பிரமாணத்துக்கு விளக்கம் இருக்கிறது. 1530-ம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை முதல் பகுதியிலேயே நிசேயா சங்கத்தின் முடிவை ஏற்கிறது. இங்கிலாந்து சபையின் 39 பிரிவுகளில் எட்டாவது, பழைய பிரமாணங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது.

இதனால் தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த கத்தோலிக்கரான பிரான்சிஸ் சேவியர், மொழி தெரிந்தவர்களின் உதவியோடு விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி மீனவ மக்களுக்கு மனப்பாடமாகக் கற்றுக் கொடுத்தார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனெரி சீகன்பால்க் லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் கொண்டு வந்தார். ஐரோப்பாவில் ஒருவரை ஒருவர் பகைத்த இரண்டு கூட்டத்தாரும் இங்கே வந்து கற்றுக் கொடுத்தது ஒரே பிரமாணத்தைத்தான்!

19-ம் நூற்றாண்டில் மிஷன்கள் பெருகின. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள். மதுரையில் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷன். திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் லூத்தரன்களும் மெதடிஸ்டுகளும். சென்னையில் ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன்கள். ஒரு குடும்பம் எந்தச் சபை என்பதை அநேகமாக அது எந்த ஊரில் இருந்தது என்பதே முடிவு செய்தது. தமிழ்க் கிறிஸ்தவன் ஒருவன் தான் ஏன் ஆங்கிலிக்கன், தன் மைத்துனன் ஏன் காங்கிரிகேஷனல் என்று யோசித்தால், கிடைக்கும் பதில் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சண்டையாக இருந்தது. ஆனால் விளைவு அவன் வீட்டுக்குள் இருந்தது. வேலைக்காக வேறு ஊருக்குப் போனால், அங்குள்ள சபையில் திருவிருந்து வாங்க முடியுமா என்பது சந்தேகம். ஜெபத்தில் ஒன்று, பிரமாணத்தில் ஒன்று, பந்தியில் மட்டும் தனித்தனி.

தரங்கம்பாடி, 1919

இந்த நிலையைக் கண்டு மிகவும் வருந்தியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்களும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தனர். (பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-லேயே இணைந்து உருவானது இந்த ஐக்கிய சபை.) முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. கிறிஸ்தவ நாடுகள் என்று சொல்லிக்கொண்டவை நான்கு ஆண்டுகள் ஒன்றை ஒன்று அழித்ததை உலகமே பார்த்திருந்தது. தாங்கள் உண்டாக்காத பிரிவினைகள் தங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்றும், அவை தொடர வேண்டும் என்று தாங்கள் விரும்பவில்லை என்றும் அந்த 33 பேரும் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள்.

இணைப்புக்கு நான்கு அடிப்படைகளை அவர்கள் முன்வைத்தார்கள். முதலாவது, பரிசுத்த வேதாகமம். இரண்டாவது, அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்கள். மூன்றாவது, ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு சாக்கிரமெந்துகள். நான்காவது, வரலாற்று ரீதியான பேராயர் ஊழியம். இந்த நான்கும் புதியவை அல்ல. 1886-ல் சிகாகோவிலும் 1888-ல் லண்டன் லாம்பெத் மாநாட்டிலும் ஆங்கிலிக்கன்கள் ஒற்றுமைக்காகச் சொன்ன அதே நான்கு. அங்கே அவை காகிதத்தில் இருந்தன. இங்கே செயலுக்கு வந்தன.

28 ஆண்டுப் பேச்சுவார்த்தை

தரங்கம்பாடியிலிருந்து சென்னை வருவதற்கு 28 ஆண்டுகள் ஆயின. பிற்பாடு மெதடிஸ்டுகளும் பேச்சில் சேர்ந்தார்கள். பெரிய தகராறு நான்காவது அடிப்படையான பேராயர் பதவியைப் பற்றியது. ஆனால் இரண்டாவதும் சுலபமாக முடியவில்லை.

காங்கிரிகேஷனல் மரபினருக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. 1662-ல் இங்கிலாந்தில் அரசு விதித்த ஜெபப் புத்தகத்தை முழுமையாக ஏற்க மறுத்தவர்களோடு சேர்ந்து சுமார் 2000 போதகர்கள் சபைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எழுதி வைத்த வாசகத்தைக் காட்டி "இதற்குச் சம்மதமா, இல்லை வெளியே போகிறாயா?" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த மரபினர் நன்றாக அறிந்தவர்கள். பிரமாணத்தைப் பரீட்சைத் தாளாக மாற்றக் கூடாது என்று அவர்கள் வாதாடினார்கள். ஆங்கிலிக்கன்களுக்கு எதிர்ப் பயம். பிரமாணம் இல்லாவிட்டால் நாளை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போதிக்கலாம் அல்லவா?

கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு மிக எளிமையானது. இரண்டு பிரமாணங்களும் விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் அதற்குப் பாதுகாப்பாகவும் இருக்கின்றன என்று புதிய சபை ஏற்றுக்கொள்ளும். அவற்றில் உள்ள அடிப்படை உண்மைகள் இணைப்புக்குப் போதுமானவை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு தனிநபரும் சம்மதம் தர வேண்டும் என்று வற்புறுத்தாது. நியாயமான அளவு விளக்கம் சொல்லும் சுதந்திரம் உண்டு. சபை முழுவதும் ஒரே குரலில் சொல்லும், தனிமனிதனின் மனசாட்சி நெரிக்கப்படாது.

இதைப் பலர் ஏற்கவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட், 1943-ல் இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். வேறுபாடுகளைத் தெளிவற்ற வார்த்தைகளால் மூடி மறைப்பது ஒற்றுமை ஆகாது என்பது இப்படி எதிர்த்தவர்களின் வாதம். அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

பேராயர் பதவி விஷயத்திலும் இதே பொறுமை வேலை செய்தது. இணையும் சபைகளின் போதகர்கள் யாருக்கும் மறுபடி குருத்துவ அபிஷேகம் கிடையாது. இனி அபிஷேகம் பெறுகிறவர்கள் பேராயர் மூலம் பெறுவார்கள். மனசாட்சிக்கு ஒவ்வாத ஊழியத்தை எந்தச் சபையின் மேலும் திணிப்பதில்லை. 30 ஆண்டுகள் கழித்து மற்றதை யோசித்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

1943-ல் மெதடிஸ்டுகளும், 1945 ஜனவரியில் ஆங்கிலிக்கன்களும், 1946-ல் தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒப்புதல் தந்தனர். அசரியா அந்த ஆங்கிலிக்கன் வாக்கெடுப்பைப் பார்க்கவில்லை. அதே மாதம் முதல் தேதி அவர் காலமாகிவிட்டார்.

இணைந்த பிறகு

இரண்டு கம்பெனிகள் இணையும்போது பெரும்பாலும் பெரியது சிறியதை விழுங்கிவிடும். சிறியதின் பெயர்ப்பலகை இறங்கிவிடும். 1947-ல் அப்படி நடக்கவில்லை. மூன்று பெயர்ப்பலகைகளும் இறங்கின. அன்று அபிஷேகம் பெற்ற புதிய பேராயர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து சபையின் மிஷனெரி, 37 வயதில் மதுரை - ராமநாதபுரம் பேராயரானார். யாழ்ப்பாணத்துக்குப் பேராயரானவர் சபாபதி குலேந்திரன். அவரும் பேராயர் இல்லாத மரபில் வளர்ந்தவரே.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் இணைய மறுத்துத் தனியே நின்றார்கள். அவர்கள் சி.எஸ்.ஐ.யில் வந்து சேர 1975 வரை ஆனது. இங்கிலாந்து சபை புதிய சபையோடு உடனே முழு ஐக்கியம் கொள்ளவில்லை. தாய் சபையே கதவைப் பாதி சாத்தி வைத்தது எனலாம். இன்று சி.எஸ்.ஐ. உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலும், உலக மெதடிஸ்ட் கவுன்சிலிலும், சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியத்திலும் உறுப்பினர். 1970-ல் ஆறு சபைகள் சேர்ந்து வட இந்திய திருச்சபை உருவானது.

பிரமாணம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கும் தரங்கம்பாடியே சாட்சி. 1919 ஜனவரியில், அதாவது அந்த மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் பேராயர் தரங்கைப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார். லூத்தரன்களுக்கும் அதே வேதாகமம், அதே பிரமாணங்கள். 1948 முதல் சி.எஸ்.ஐ.யோடு பல ஆண்டுகள் பேசினார்கள். பல கோட்பாடுகளில் உடன்பாடும் வந்தது. ஆனால் இணைப்பு வரவில்லை. பொதுப் பிரமாணம் கதவைத் திறக்கும், உள்ளே நடந்து போக வேண்டியது மனிதர்கள்தான்.

இணைந்த சபைக்குள்ளும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சாதி உணர்வு போகவில்லை. திருமண்டலத் தேர்தல்களும் சொத்து விவகாரங்களும் நீதிமன்றம் வரை போகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரே பிரமாணத்தைச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை எதிரெதிர் வக்கீல்களோடு நிற்பதைப் பிரமாணம் தடுக்காது.

அப்படியென்றால் அதன் பயன் என்ன? எந்த வேறுபாட்டுக்காகப் பிரியலாம், எதற்காகப் பிரியக் கூடாது என்று அளந்து சொல்ல ஒரு அளவுகோல் அது. அங்கி அணிவதா, எழுதிய ஜெபமா சொந்த ஜெபமா, நிர்வாகம் யார் கையில் என்பவை எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அவை பிரமாணத்தில் இல்லை. பிரமாணத்தில் இல்லாத ஒன்றுக்காகச் சகோதரனோடு பந்தியில் உட்கார மறுக்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் அந்த 33 பேரும் கேட்டார்கள். பொதுவான அளவுகோல் இல்லாவிட்டால் ஒவ்வொரு சபைக்கும் அதன் பழக்கமே அளவுகோல் ஆகிவிடும்.

கிழக்கும் மேற்கும்கூட மெல்ல இதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன. 1965 டிசம்பர் 7 அன்று போப் ஆறாம் பவுலும் முதுபெரும் தலைவர் அத்தனகோரஸும் 1054-ம் ஆண்டின் சபைநீக்கங்களை விலக்கிக்கொண்டார்கள். 2025-ம் ஆண்டு நிசேயா சங்கத்தின் 1700-வது ஆண்டு. அந்த ஆண்டு ஈஸ்டர் பண்டிகையும் இரு தரப்புக்கும் ஏப்ரல் 20 என்று ஒரே நாளில் வந்தது. நவம்பர் 28 அன்று போப் பதினான்காம் லியோவும் முதுபெரும் தலைவர் பர்த்தலோமேயுவும் மற்ற சபைத் தலைவர்களும் இஸ்னிக்கில் கூடி ஜெபித்தார்கள். அங்கே நிசேயா பிரமாணம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அந்த ஒரு சொல் இல்லாமல் சொல்லப்பட்டது. மூன்றாம் லியோ வெள்ளித் தகட்டில் பொறித்து வைத்த அதே வாசகம்!

ஆனாலும் அவர்களால் இன்னும் ஒரே பந்தியில் உட்கார முடியவில்லை. அந்த வகையில் 1947-ல் தென்னிந்தியாவின் சாதாரணக் கிறிஸ்தவர்கள் ஒரு படி முன்னால் போய்விட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ஒருவர் இன்று அங்குள்ள சி.எஸ்.ஐ. ஆலயத்தில் தயக்கமின்றித் திருவிருந்து வாங்கலாம். இந்த உரிமைக்காக 28 ஆண்டுகள் பேசியவர்கள் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்துகொண்டால், அடுத்த முறை எழுந்து நின்று பிரமாணத்தைச் சொல்லும்போது அதன் அருமை இன்னும் கொஞ்சம் புரியும்.